மலைமேல் இருக்கும் நம் உறவினர்

(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இளைஞர் பிரிவினர் எனக்கு அளித்த தலைப்பு "ஒரு நாள் இன்பச் செலவு" என்பதாகும். செலவு என்ற சொல்லுக்குப் பயணம் என்பது பழைய பொருள். ஆயினும் இக்காலத்தில் நமக்குத் தெரிந்த மற்றொரு பொருளே முதலில் நினைவுக்கு வருகிறது. தலைப்பைப் படித்தபோது நம் பொருளாளர் அவர்களின் முகம் சற்றே வாடியதை நான் கவனித்தேன். அவர் அஞ்ச வேண்டியதில்லை. நான் எடுத்துரைக்கப் போகும் பயணத்துக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு பை நிறையக் காய்கறியும் போதும்.

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் ஊர் சுற்றுவதைப் பற்றிப் பேசலாமா என்று பெரியவர் ஒருவர் வாயிலிலேயே என்னைக் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் நான் பேச வந்தது உதகையைப் பற்றியோ கொடைக்கானலைப் பற்றியோ அன்று. பொள்ளாச்சியில் காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடக்கூடிய வால்பாறைப் பயணத்தைப் பற்றியது. ஏன் வால்பாறை என்று கேட்பீர்கள். இந்த மண்டபத்தில் இருப்போருள் அந்த மலையில் அத்தையோ, மாமனோ, சின்னம்மாவோ, தாய் தந்தையரோ உள்ளவர்கள் கையை உயர்த்துங்கள் என்று சொன்னால் பாதிக் கைகளேனும் உயரும். கடந்த ஓராண்டில் அவ்வீட்டுக்குச் சென்று ஒரு வேளை உணவருந்தி வந்தவர்கள் யார் என்று கேட்டால் எத்தனை கைகள் உயரும் என்பதை உங்கள் மனச்சான்றுக்கே விட்டுவிடுகிறேன். மலையைப் பார்க்கப் போகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். மலையில் இருப்பவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பயணம் செய்வது என்பதே நம் முன்னோருக்கு எளிதில் வாய்த்த ஒன்றன்று. 1924-25 ஆம் ஆண்டுகளில் வைக்கத்தில் நடந்த போராட்டம், ஒரு கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடந்து செல்லும் உரிமைக்காகவே நடந்தது. அதே 1924-இல், பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் எவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து வெற்றி பெற்றார். பின்னர்ப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. புதிய வண்டியிலும் பழைய வழக்கமே ஏறி அமர்ந்தது. ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்த பேருந்து முதலாளிகள் பலர் இருந்தனர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்த பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார், அவ்வாறு மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். 1938-இல்தான் சென்னை மாகாணத்தில், பொதுவழி, கிணறு, போக்குவரத்து ஆகியவற்றில் நம்மைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. இன்று பேருந்தில் சன்னலோர இருக்கைக்கு நம் இளைஞர்கள் போட்டியிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உள்ளூர மகிழ்ச்சியே உண்டாகிறது. அவ்விருக்கைக்கு எத்தனை பேர் எத்தனை காலம் வாதாடினார்கள் என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நன்று.

ஆனால் ஒரே ஓர் ஊருக்குச் செல்ல நம்மவரை எவரும் தடுக்கவில்லை. தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லத்தான். திருநெல்வேலி, இராமநாதபுரம், சேலம், கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர்களுக்குக் கங்காணிகள் வந்தார்கள். கையில் முன்பணம் கொடுத்தார்கள். பஞ்சத்திலும் பண்ணையடிமையிலும் நொந்திருந்த மக்கள் அதை வாங்கிக்கொண்டு, இடுப்பில் குழந்தையும் தலையில் பானையுமாக மலையேறினார்கள். அந்த முன்பணம் கணக்குப் புத்தகத்தில் பற்றாக நின்றது. ஆண்டுக்கணக்கில் உழைத்தும் அது தீர்ந்தபாடில்லை. ஒப்பந்தத்தை முறித்துச் செல்லும் கூலியாளைத் தண்டிக்க, 1903-இல் சென்னை மாகாணத்தில் தோட்டங்களுக்கென்றே ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. ஊரில் தாய் இறந்த செய்தி வந்தாலும் மகன் இறங்கி வர இயலாது. மகளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டாலும் தகப்பன் ஏறிச்செல்ல வழியில்லை. மலைக்காய்ச்சலில் மாண்டவர்களின் கணக்கை எவரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை.

ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் அவர்கள் 1969-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ரெட் டீ' என்னும் நாவல் இவற்றையெல்லாம் கண்முன் நிறுத்துகிறது. அதனை இரா. முருகவேள் அவர்கள் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தமிழாக்கியுள்ளார். 2013-இல் வெளிவந்த 'பரதேசி' திரைப்படத்துக்கும் அதுவே அடிப்படை. படத்தைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. புத்தகத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று நம் நூலகப் பொறுப்பாளரைத்தான் கேட்க வேண்டும்.

நான் சொல்ல வருவது யாதெனில், உறவினரைக் காணச் செல்லும் பயணம் நம் மக்களுக்குப் பறிக்கப்பட்டிருந்த ஒன்றாகும். இன்று பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர் தூரத்தை ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் பேருந்து கடந்துவிடுகிறது. எந்தக் கங்காணியிடமும் கேட்க வேண்டியதில்லை.

அந்தச் சாலையின் அழகைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போனால் தலைப்புக் கொடுத்தவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். தென்னந்தோப்புகளைக் கடந்தவுடன் ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பு கண்ணில் படும். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில், 1960களின் தொடக்கத்தில் எழுந்த அணை அது. அதன் பின் கவியருவி. பின்னர் வளைவுகள் தொடங்கும். மொத்தம் 40 கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. குழந்தைகளை அழைத்துச் சென்றால் எண்ணிக்கை கற்பிக்க வேறு பள்ளி வேண்டியதில்லை. ஒன்பதாவது வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால் அணையும் வயல்களும் தோப்புகளும் ஒரே பார்வைக்குள் அடங்கும். சாலை அமைத்த பொறியாளரின் பெயரால் அவ்விடத்தை 'லோம்ஸ் வியூ' என்பர். பாறைச் சரிவில் வரையாடுகள் நிற்பதையும் அங்கே காணலாம். அவை மனிதரைக் கண்டு பெரிதாக அஞ்சுவதில்லை. நாம்தான் கையில் தின்பண்டம் வைத்திருக்கிறோமே என்று குரங்குகளுக்கு அஞ்ச வேண்டும்.

மேலே ஏற ஏறக் காற்றில் ஈரம் கூடும். அட்டகட்டியைக் கடந்தபின் காடு விலகித் தேயிலை தொடங்கும். "பச்சைக் கம்பளம் விரித்தாற்போல" என்று நம் எழுத்தாளர்கள் சலிக்காமல் எழுதுவார்கள். எனக்கு அந்த உவமையில் ஒரு மனக்குறை உண்டு. தேயிலைச் செடி தன்போக்கில் விடப்பட்டால் மரமாக வளரும் இயல்புடையது. அது இடுப்பளவில் ஒரே மட்டமாக நிற்பதற்குக் காரணம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைக் கவாத்து செய்யும் ஆண்களும், ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வந்து கொழுந்து எடுக்கும் பெண்களுமே. கம்பளம் தானாக விரிந்துவிடவில்லை. மழையில், அட்டைக்கடியில், இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, முதுகில் கொழுந்துச் சுமையுடன் சரிவில் ஏறி இறங்கியவர்களின் கைவேலை அது. அவர்களுள் நம் பாட்டிமார் பலர். சாலையோரத்தில் கார்வர் மார்ஷ் என்னும் வெள்ளைக்காரத் தோட்டத்துரைக்குச் சிலை உண்டு. சுற்றுலா வருவோர் அதனருகில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கொழுந்து பறித்தவளுக்கு அந்தச் சாலையில் ஒரு சிலையையும் நான் பார்த்ததில்லை. ஆகவே அந்த மலைச்சரிவைப் பார்க்கும்போது, நம் குடும்பத்தார் எழுதிய கையெழுத்தைப் பார்ப்பதுபோல் பாருங்கள் என்று நான் இளைஞர்களுக்குச் சொல்வதுண்டு.

ஞாயிற்றுக்கிழமையில் செல்வதே நல்லது. தோட்டத்துக்கு அன்று விடுமுறை. வால்பாறை நகரிலும் எஸ்டேட்டுகளிலும் கோயில்களும் பள்ளிவாசல்களும் சிற்றாலயங்களும் உள்ளன. கருமலைப் பக்கம் சென்றால் பாலாஜி கோயிலுக்குப் போகிறவர்களும் வேளாங்கண்ணி மாதா ஆலயத்துக்குப் போகிறவர்களும் ஒரே வண்டியில் செல்வதைக் காணலாம். நான் பெரும்பாலும் காலை ஆராதனை முடியும் வேளைக்குப் போய்ச் சேர்வேன். என்னுடன் ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள், ஒரே பாடகர் குழுவில் நின்றவர்கள், திருமணமாகி மலைக்குப் போனவர்கள் எல்லாரும் ஆலய வாசலில் நிற்பார்கள். "ஏன் இத்தனை நாளாக வரவில்லை?" என்பதுதான் அவர்களுடைய முதல் வணக்கம்.

சபை நண்பர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதில் நம் இந்துச் சகோதரர்களும் என் பேச்சைப் பொறுத்தருள்க. சமவெளியில் சில சபைகளில் சாதி இன்னும் தனி வாங்கில் அமர்ந்திருக்கிறது. இறந்த பின்னும் தனிக் கல்லறை கேட்கிறது. ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கியவர், நம் வீட்டு வாசலில் நின்று "தண்ணீர் வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்" என்று சொல்லும் காட்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஆதலால் ஒருவர் நம் சபை நண்பர் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் மிகவும் எளியது. அவர் வீட்டுக்கு நாம் செல்ல வேண்டும். நம் வீட்டுக்கு அவர் வர வேண்டும். இரண்டு இடத்திலும் அடுப்படிவரை போய்வர வேண்டும். லைன் வீடுகளில் இந்த அளவுகோலில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் பத்து வீடுகளுக்கு மணக்கும். தண்ணீர்க் குழாய் பொது. பிள்ளைகளை விட்டுச்செல்லும் காப்பகமும் பொது. அங்கும் சாதி அடியோடு அழிந்துவிட்டது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் மலைச்சரிவில் சுமையோடு வழுக்கி விழுந்தவளைத் தூக்கிவிடும்போது எவரும் குலம் விசாரிப்பதில்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். ஒரு திண்ணை, ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. பழைய லைன் வீடுகள் பெரும்பாலும் இவ்வளவே. அதனால்தான் இதை ஒரு நாள் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். அத்தை தங்கச் சொல்லுவார்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் நாம் இரவு தங்கினால் வீட்டுக்காரர்கள் திண்ணையில் உறங்க வேண்டியிருக்கும். மறுநாள் காலையில் அவர்கள் வேலைக்கு எழ வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணன் இந்து, தம்பி கிறித்தவர். கிறிஸ்துமசுக்கு அண்ணன் வீட்டார் பலகாரம் சுடுகிறார்கள். மாரியம்மன் நோன்புக்குத் தம்பி மனைவி வாசல் தெளிக்கிறார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். ஊரில் ஒரே கிணற்றிலிருந்து விரட்டப்பட்ட குடும்பத்தினர். ஆனால் சட்டத்தின் கண்ணில் அண்ணன் பட்டியல் சாதி, தம்பி பிற்படுத்தப்பட்டவர். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முசுலிம்களும் சேர்க்கப்படவில்லை. இந்த வழக்கின் நீதி அநீதியை வேறொரு கூட்டத்தில் பேசலாம். இங்கே நான் குறிப்பிட விரும்புவது, கோப்பில் இரண்டாகப் பிரிக்கப்பட்ட குடும்பம் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரே சட்டியைச் சுற்றி அமர்ந்திருக்கிறது என்பதையே. நாமும் அங்கே போய் அமர்ந்தால் அது ஒரே குடும்பமாக நீடிக்கும். போகாமல் விட்டால் இரண்டு தலைமுறையில் அண்ணன் பேரனும் தம்பி பேரனும் ஒருவரையொருவர் அறிய மாட்டார்கள்.

அறியாமற்போனால் என்ன கெட்டுவிடும் என்று இளைஞர் சிலர் நினைக்கலாம். பாசத்தை ஒருபுறம் வையுங்கள். காகிதத்தைப் பற்றியே சொல்கிறேன். மலையில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்துப் பிள்ளை சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறது. தகப்பனுக்குச் சான்றிதழ் இல்லை. பாட்டன் கைநாட்டு. சொந்த ஊர் எது என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். "சங்கரன்கோவில் பக்கம்" என்கிறது பிள்ளை. பக்கம் என்று ஓர் ஊர் இல்லையே! கீழே இருக்கும் பெரியப்பா மகனிடம் சான்றிதழ் உண்டு. அவருடைய பாட்டனும் இந்தப் பிள்ளையின் பாட்டனும் உடன்பிறந்தவர்கள். ஆனால் அவர் எங்கே இருக்கிறார், பெயர் என்ன என்பதை எவரும் குறித்து வைக்கவில்லை. சான்று இல்லாமல் கல்லூரி இடமும் உதவித்தொகையும் கைநழுவிப் போகின்றன. நம் சங்கம் இந்த 25 ஆண்டுகளில் எழுதிக்கொடுத்த மனுக்களில் எத்தனை இவ்வகையைச் சேர்ந்தவை என்பதைச் செயலாளர் அவர்கள் நன்கறிவார்கள். உறவு விட்டுப்போன இடத்தில்தான் காகிதமும் விட்டுப்போகிறது. ஆகவே மலைக்குப் போகும் ஒவ்வோர் இளைஞனும் இளம்பெண்ணும் ஒரு குறிப்பேடு எடுத்துச் செல்ல வேண்டும். பாட்டியின் அருகே அமர்ந்து, அவர் பிறந்த ஊர், அவருடைய தகப்பனார் பெயர், எந்தக் கங்காணியுடன் எப்போது வந்தார், யார் யார் உடன் வந்தார்கள், யார் இறந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கேட்கும்போது கைப்பேசியைக் கையில் வைத்திருக்காதீர்கள். பாட்டி நிறுத்திவிடுவார்கள்.

இதற்கு அவசரம் என்ன என்பதற்கு வருகிறேன். லைன் வீடு நம் உறவினரின் சொந்த வீடன்று. 1951-இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர்களுக்கு வீடும் மருத்துவமும் அளிப்பதை முதலாளியின் கடமையாக்கியது. அது பெரிய முன்னேற்றமே. ஆயினும் வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்றால், குடும்பத்தில் வேறொருவர் தோட்டத்தில் பெயர் பதியாவிட்டால், வீட்டைக் காலி செய்ய வேண்டும். 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வகுத்த கணக்கின்படி ஓராண்டுப் பணிக்கு 15 நாள் ஊதியம். 30 ஆண்டு கொழுந்து பறித்த ஒரு பெண்ணுக்கு 450 நாள் கூலி. அந்தப் பணத்தில் சமவெளியில் ஒரு மனை வாங்கி, வீடு கட்டி, மிச்ச வாழ்நாளையும் நடத்த வேண்டும். வீட்டை ஒப்படைத்தால்தான் பணிக்கொடை என்று சொல்லும் வழக்கமும் சில தோட்டங்களில் உண்டு.

சென்ற ஆண்டு என் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன. திண்ணையில் வைத்திருந்த சௌசௌக் கொடியைக் காட்டி, "இதைக் கீழே கொண்டுபோய் நட்டால் வருமா?" என்று கேட்டார். கீழே வெயில் அதிகம், வராது என்றேன். "எனக்கும் கீழே யாரைத் தெரியும்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதன் பின் வேறு பேச்சுக்குப் போய்விட்டோம். அவருக்குக் கீழே இருபது வீடுகளில் உறவுண்டு. அந்த இருபது வீட்டாரில் அவரைப் பார்க்க மலையேறியவர்கள் அதிகமில்லை. ஆகவே அவர் கேட்டதில் தவறேதும் இல்லை.

இன்னொரு மலையைப் பாருங்கள். நெல்லைச் சீமையில், மணிமுத்தாறு அணைக்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலை ஊர்கள் இருந்தன. வால்பாறையைவிட அழகில் குறைந்தவை என்று சொல்ல முடியாது. 1929-இல் சிங்கம்பட்டி சமீன் 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்தது. நம் மக்களே பெரும்பாலும் அங்கு உழைத்தார்கள். அவர்களுடைய கூலி உயர்வுக்காக 1999 ஜூலை 23-ஆம் நாள் திருநெல்வேலியில் ஊர்வலம் நடந்தது. காவல்துறையின் தடியடியைத் தொடர்ந்து தாமிரபரணி ஆற்றில் 17 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் தாயின் கையில் இருந்த குழந்தையும் ஒன்று. குத்தகை முடிய வேண்டிய ஆண்டு 2028. ஆனால் 2024 ஜூன் மாதத்திலேயே நிறுவனம் வேலையை நிறுத்தி, தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று அறிவித்தது. விருப்பம் யாருடையது என்று நான் கேட்கவில்லை. தோட்டத்தை அரசே எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அவ்வாண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் பல, சட்டி பானையுடன் இறங்கிச் சிதறின. அந்த மலையில் அத்தை வீடு, மாமன் வீடு என்று கோடை விடுமுறைக்குப் போய்வந்த பிள்ளைகள் நம் சமுதாயத்தில் எத்தனையோ பேர். மலை அங்கேதான் இருக்கிறது. அருவியும் இருக்கிறது. அத்தை வீடுதான் இல்லை.

வால்பாறையில் அப்படி ஒரு நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் அங்கும் நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டனர். அதற்காக நான் வருந்தவில்லை. படித்து இறங்கட்டும் என்றுதானே இந்தச் சங்கமே தொடங்கப்பட்டது! அவர்கள் விட்டுச்சென்ற லைன் வீடுகளில் இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. ஓர் ஆலயத்தில் ஆராதனையின் நடுவே இந்தியில் ஒரு பாடல் பாடக் கேட்டேன். பாடியவர் ஜார்க்கண்டின் ஆதிவாசிப் பெண், தோளில் குழந்தை. ஆராதனை முடிந்ததும் எங்களுக்கும் அவருக்கும் பொதுவாக இருந்த மொழி புன்னகை ஒன்றுதான். என் சின்னம்மா அவரை அழைத்துவந்து எங்களுடன் சோறு போட்டார். யாரோ முன்பணம் கொடுத்து அழைத்து வந்ததாக அவர் சைகையில் சொன்னதைச் சின்னம்மா உடனே புரிந்துகொண்டார். எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. நம் இளைஞர்கள் மலைக்குப் போகும்போது அவர்களுடைய வீட்டு வாசலிலும் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வர வேண்டும். அவர்களுடைய குழந்தைகள் தமிழ்ப் பள்ளியில்தான் படிக்கின்றன. மொழிபெயர்க்க அவர்களே போதும்.

இனிப் பயணத்துக்கான சில குறிப்புகள். பெரியோர் அறிந்தவையே, இளைஞர்களுக்காகச் சொல்கிறேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையில் மழைக்காலம். சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. சாலையில் மண் சரிவதும் உண்டு. அட்டைக்குப் பயந்தவர்கள் அம்மாதங்களில் போக வேண்டாம். மழை ஓய்ந்தபின், அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை, யானைக் கூட்டங்களின் நடமாட்டம் மிகும். அரிசி மணத்துக்கு அவை நியாயவிலைக் கடையையும் சத்துணவுக் கூடத்தையும் உடைப்பதுண்டு. யானை நிற்கும் இடத்தைக் கைப்பேசியில் அறிவிக்கும் ஏற்பாடும் சிவப்பு விளக்குகளும் அங்கே இருக்கின்றன. உள்ளூர்க்காரர் "இப்போது போகாதே" என்றால் போகாதீர்கள். சிறுத்தை குழந்தைகளைத் தூக்கிச் சென்ற கொடுமைகளும் நடந்துள்ளன. ஆகவே தேயிலைக்குள் பிள்ளைகளை ஓடவிட்டுப் படம் பிடிக்கும் வேலை கூடாது. மாலை நான்கு மணிக்கு மேல் பேச்சை வளர்க்காமல் பேருந்துக்குப் புறப்பட்டுவிட வேண்டும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: தேங்காய், முருங்கைக்காய், புளி, நல்ல கருவாடு. கடையில் வாங்கிய இனிப்புப் பெட்டியைவிட இவற்றுக்கே அங்கு மதிப்பு அதிகம். மருத்துவமனைச் சீட்டு, வங்கிப் புத்தகம், ஓய்வூதிய விண்ணப்பம் என்று ஏதேனும் ஒரு காகிதத்தை உங்களிடம் நீட்டுவார்கள். "பிறகு பார்க்கலாம்" என்று சொல்லாமல் அங்கேயே படித்துச் சொல்லுங்கள். படித்தவன் வீட்டுக்கு வந்தால் அதற்காகத்தான் வந்தான் என்று அவர்கள் எண்ணுகிறார்கள், அது நியாயமும்கூட. திரும்பும்போது தேயிலைத்தூள் பொட்டலம் கொடுப்பார்கள். மறுக்காதீர்கள்.

சோலையாறு அணையைப் பார்க்க வேண்டும், நல்லமுடிப் பூஞ்சோலையில் நின்று மேகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். அங்கேயே பிறந்து வளர்ந்தும் அந்த இடங்களை ஒருமுறைகூடப் பார்க்காத உறவினர் பலர் உண்டு. அவர்களையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். வார விடுமுறை ஒரு நாள்தான். அந்த ஒரு நாளும் துணி துவைப்பதிலும் விறகு சேர்ப்பதிலும் போய்விடுகிறது. என் சின்னம்மா அந்த அணையை முதன்முதலாகப் பார்த்தது தம் 57-ஆவது வயதில். "இவ்வளவு தண்ணீரா!" என்று அவர் வாய்பிளந்து நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நான் அணையைச் சரியாகப் பார்க்கவில்லை.

இளைஞர் பிரிவினர் வருகிற மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை இப்பயணத்தை ஏற்பாடு செய்துள்ளனர். காலை 5 மணிக்கு இம்மண்டப வாயிலில் கூட வேண்டும். மலையில் உறவினர் உள்ளவர்கள், அவர்கள் இருக்கும் எஸ்டேட்டின் பெயரையும் தெரிந்த அளவு வழியையும் செயலாளரிடம் இன்றே எழுதிக்கொடுங்கள். உறவினர் யாரும் இல்லாதவர்களும் வரலாம். சின்னம்மா வீட்டில் இடமுண்டு. அவர் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாள் அதற்கு மறுமாதம் வருகிறது. ஆதலால் சாமான்களை இறக்கக் கைகொடுக்கும் நான்கு இளைஞர்களும் எனக்குத் தேவை. அவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது என்று அங்கிருந்து சைகை வருகிறது.